4 வயது கம்பெனி, முதல் ஏற்றுமதியே கென்யாவுக்கு: போகலாமா, பக்கத்தில் இருந்து தொடங்கணுமா?

நொய்யல்_தம்பி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

நாங்க கோவையில மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் பண்றோம். தெரியாதவங்களுக்காக: தோட்டத்து பேனல்ல ஒரு பெட்டி, அதுக்குள்ள ஒரு சிம். வீட்ல இருந்தே மிஸ்டு கால் கொடுத்தா மோட்டார் ஓடும், மறுபடி கொடுத்தா நிக்கும். ஒரு ஃபேஸ் போனா நிறுத்தும், கிணத்துல தண்ணி வத்துனாலும் நிறுத்தும். கம்பெனிக்கு வயசு 4. மொத்தம் 11 பேர். திருச்சி, தர்மபுரி, கொஞ்சம் ஆந்திரா வரைக்கும் டீலர் இருக்காங்க.

போன கொடிசியா கண்காட்சியில கென்யாவுல நகுரு ஊர்ல ஹார்ட்வேர் கடை வச்சிருக்கற ஒரு குஜராத்திப் பெரியவர் எங்க ஸ்டாலுக்கு வந்தார். அரை மணி நேரம் நின்னு பார்த்துட்டுப் போனார். இப்ப மெயில் போட்டிருக்கார். 500 பீஸ் எடுக்கறாராம். 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி சரக்கு வந்து 90 நாள்ல. ஆனா கென்யா, உகாண்டா, தான்சானியா மூணுக்கும் 5 வருஷம் சோல் ஏஜென்சி வேணுங்கறார், அதாவது அங்க அவரைத் தவிர வேற யாருக்கும் நாங்க விக்கக் கூடாது.

எங்களுக்கு 500 பீஸ்ங்கறது கிட்டத்தட்ட மூணு மாச உற்பத்தி. என் பார்ட்னர் வேண்டாங்கறான். "முதல்ல இலங்கைக்குப் போவோம், தூத்துக்குடில இருந்து கூப்பிடு தூரம், தமிழ்லயே பேசிக்கலாம். அங்க கத்துக்கிட்டு அப்புறம் ஆப்பிரிக்கா போகலாம்"ங்கறான். எனக்கு என்னமோ வந்த வாய்ப்பை விட்டா திரும்ப வராதுன்னு தோணுது. ரெண்டு பேரும் ஒரு வாரமா சரியாப் பேசிக்கல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

—

ஆய்வுமேசை:

உங்கள் பார்ட்னர் சொல்வதற்கு ஆய்வுலகில் பெயரே உண்டு. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் 1970களில் வோல்வோ, சாண்ட்விக், அட்லஸ் காப்கோ, ஃபாசிட் ஆகிய நான்கு நிறுவனங்கள் எப்படி வெளிநாடு போயின என்று பார்த்தார்கள். நான்குமே முதலில் பக்கத்து நாடு, பிறகு அடுத்தது என்று படிப்படியாகத்தான் போயிருந்தன. ஒவ்வொரு நாட்டிலும் முதலில் ஏஜென்ட், பிறகு சொந்த விற்பனை அலுவலகம், கடைசியில் தொழிற்சாலை. இதை வைத்து யோஹான்சன், வால்னே இருவரும் 1977ல் எழுதிய கட்டுரைதான் இன்றுவரை பாடமாக ஓடுகிறது. பக்கம் என்பதை அவர்கள் கிலோமீட்டரில் அளக்கவில்லை. மொழி, சட்டம், வியாபாரப் பழக்கம் இவற்றால் வரும் மனத்தொலைவைத்தான் சொன்னார்கள்.

1994ல் இதற்கு நேர் எதிரான ஒரு பார்வை வந்தது. பிறந்த சில வருடத்திலேயே பல நாடுகளுக்குப் போகிற சின்னக் கம்பெனிகள் இருக்கின்றன, அவை ஏணி ஏறுவதில்லை என்று இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். நீங்கள் இரண்டாவது கூட்டம். உங்கள் பார்ட்னர் முதல் கூட்டம். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, சண்டை போட வேண்டாம்.

—

தென்காசி_கோடு:

நான் மென்பொருள்காரன். எங்க துறையில யாரும் பக்கத்து நாடுன்னு யோசிக்கறதே இல்லை. ஃப்ரெஷ்வொர்க்ஸ் சென்னையில 2010ல ஆரம்பிச்சது, அவங்களோட முதல் காசு கொடுத்த வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவுல ஒரு கல்லூரி. 2021ல நாஸ்டாக்ல பட்டியல் ஆயிட்டாங்க. இலங்கை, வங்கதேசம்னு படியேறி இருந்தா இந்த வேகம் வந்திருக்குமா? தம்பி, உங்களைத் தேடி ஒருத்தர் வந்திருக்கார். போங்க.

—

பீளமேட்டுக்காரர்:

தென்காசித் தம்பி சொல்றது மென்பொருளுக்குச் சரி. அது கம்பியில போகுது, கிரெடிட் கார்டுல காசு வருது, பழுதானா ராத்திரியோட ராத்திரியா சரி பண்ணிடலாம். இரும்பும் செம்பும் அப்படிப் போகாதுங்க.

நான் 26 வருஷமா பம்ப்செட் தொழில்ல இருக்கேன். கிழக்கு ஆப்பிரிக்காவுல எங்களுக்குக் கிடைச்ச முதல் அடியை மறைக்காமச் சொல்றேன், உங்களுக்கு உதவும்.

இதே மாதிரிதான் ஒருத்தர் வந்தார். துறைமுகப் பட்டணத்துல பெரிய வியாபாரி. பேரு வேண்டாம். மூணு வருஷம் சோல் ஏஜென்சி கேட்டார். ஒரு கன்டெய்னர் மொத்தமா எடுத்தார், காசும் ஒழுங்கா வந்துது. நாங்க ஊரெல்லாம் ஸ்வீட் கொடுத்தோம். ஆறு மாசம் ஆச்சு, ரெண்டாவது ஆர்டர் வரலை. கேட்டா "மார்க்கெட் டல்"ன்னார். ஒரு வருஷம் கழிச்சு நானே டிக்கெட் போட்டுப் போனேன். அவர் கிடங்குல எங்க பம்ப் அட்டைப்பெட்டி பிரிக்காம அடுக்கி இருந்துது, மேல தூசி. பக்கத்து வரிசையில அதே அளவு, அதே குதிரைத் திறன்ல வேற நாட்டு பம்ப் தினமும் போயிட்டு இருந்துது. அதுக்கும் அவர்தான் ஏஜென்ட். அதுல அவருக்கு லாபம் ஜாஸ்தி. எங்களை வாங்கி வச்சதே நாங்க வேற யாருக்கும் கொடுத்துடக் கூடாதுன்னுதான்.

ஒப்பந்தத்துல வருஷத்துக்கு இவ்வளவு எடுக்கணும்னு ஒரு வரி எழுதி இருந்தாப் போதும், வெளிய வந்திருக்கலாம். எழுதலை. மீதி ரெண்டு வருஷம் அந்த நாட்டுக்கு ஒரு பீஸ் அனுப்ப முடியலை. அந்த ரெண்டு வருஷத்துல ராஜ்கோட் பம்ப்காரங்க உள்ள போய் உக்காந்துட்டாங்க.

நகுருப் பெரியவர் அப்படிப்பட்டவர்னு சொல்லலை. நல்லவராவே இருக்கட்டும். ஆனா ஒரு ஊர் கடைக்காரருக்கு மூணு நாட்டை ஏன் எழுதிக் கொடுக்கணும்? தான்சானியாவுல அவருக்கு ஒரு கடையாவது இருக்கான்னு கேட்டீங்களா?

—

யாழ்_கடை:

தம்பி, நான் யாழ்ப்பாணத்தில ஹாட்வெயார் கடை வச்சிருக்கிறன். இலங்கை கிட்டத்தான், தமிழும் கதைக்கலாம். ஆனா கிட்ட எண்டபடியா லேசு எண்டு நினைக்காதேங்கோ.

2022இல என்ன நடந்தது எண்டு தெரியும்தானே. ஒரு டொலர் 200 ரூபாயா இருந்தது, ரெண்டு மூண்டு மாதத்தில 360 ஆச்சுது. வங்கியில எல்சி, அதுதான் சாமானுக்குக் காசு வரும் எண்டு வங்கி குடுக்கிற உத்தரவாதக் கடிதம், திறக்கப் போனா டொலர் இல்லை எண்டு திருப்பி அனுப்பினாங்கள். கோயம்புத்தூரில இருந்து எனக்கு வரவேண்டிய சாமான் எட்டு மாதம் வரேல்லை. அனுப்பின ஆக்களுக்கு நான் குடுக்கவேண்டிய காசையும் நேரத்துக்குக் குடுக்க ஏலாமல் போச்சு. அவையள் என்னைத் திட்டேல்லை, அதை நான் மறக்கமாட்டன்.

இன்னொண்டு. எங்கட பக்கத்துக் கமக்காரருக்கு உங்கட தமிழ்நாடு மாதிரி இலவச மூண்டு ஃபேஸ் கரண்ட் இல்லை. வெங்காயத் தோட்டத்துக்குச் சின்ன எண்ணெய் மெசின், இல்லாட்டிச் சிங்கிள் ஃபேஸ் மோட்டர். உங்கட பெட்டி மூண்டு ஃபேஸுக்கு எண்டா எங்களுக்கே உதவாது. முதல்ல அதைப் பாருங்கோ.

—

ஆய்வுமேசை:

யாழ்_கடை அண்ணை சொன்னது மிக முக்கியம். பக்கத்து வீடு என்று அசந்து போய் அடிபட்டவர்கள் நிறைய. அமெரிக்காவின் டார்கெட் கடைச் சங்கிலி 2013ல் கனடாவுக்குள் போனது. ஒரே மொழி, ஒரே டிவி, எல்லை தாண்டி வந்து வாங்கும் வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். 133 கடை திறந்து, 2015ல் அத்தனையையும் மூடினார்கள். பக்கம்தானே என்ற நினைப்பில் சரக்கு வரத்துக் கணக்கைக்கூடச் சரிபார்க்காமல் திறந்தார்கள்.

உப்சாலாக்காரர்களே 2009ல் தங்கள் கருத்தைத் திருத்தி எழுதினார்கள். அந்நியன் என்பதைவிட, அந்த ஊர் வியாபார வலைக்கு வெளியே நிற்பவன் என்பதுதான் பெரிய தடை என்றார்கள். பீளமேட்டு ஐயா காசு வாங்கிக்கொண்டும் வெளியேதான் நின்றிருந்தார்.

—

ஷாம்பாவாசி:

நைரோபியில் ஒன்பது வருஷமா இருக்கேன். சோலார் சாமான் தவணைக்கு விற்கிற தொழில். நகுரு எனக்கு ரெண்டரை மணி நேரப் பயணம், மாசம் ஒரு தடவையாவது போவேன். அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

தம்பி, முதல் கேள்வி ஏஜென்சி இல்லை. உங்க பெட்டி எந்தக் கஷ்டத்துக்குப் பொறந்தது? நம்ம ஊர்ல விவசாயத்துக்கு இலவச மின்சாரம், அதுவும் மூணு ஃபேஸ், அதுவும் அவன் கொடுக்கற நேரத்துல. ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் வந்தா டார்ச் எடுத்துக்கிட்டு வரப்புல நடக்கணும், பாம்பு இருக்கும். அதுக்குத்தான் மிஸ்டு கால் ஸ்டார்ட்டர். அந்தக் கஷ்டம் இங்க இல்லை. இங்க சின்ன விவசாயியோட தோட்டத்துக்கு 'ஷாம்பா'ன்னு பேரு, ஒரு ஏக்கர் இருந்தா அதிகம். மூணு ஃபேஸ் லைன் அங்க வராது. பெட்ரோல் பம்ப்பைத் தோள்ல தூக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போவாங்க. இல்லைன்னா சோலார் பம்ப். அப்ப 500 பெட்டியை யார் வாங்குவாங்க? நகுருப் பெரியவர் யாரை நினைச்சுக் கேட்டார்னு அவர்கிட்டயே கேளுங்க. நைவாஷா ஏரிக்கரைப் பூந்தோட்டங்களுக்குன்னா, அவங்க பெரிய கம்பெனி, ஐரோப்பாவுல இருந்து ஆட்டோமேஷன் வாங்கறவங்க.

ரெண்டாவது, காகிதம். கென்யாவுக்கு வர்ற மின்சாமான் ஏறும் முன்னாடியே இந்தியாவுல பரிசோதனை ஆகி, கென்யத் தர நிர்ணய அமைப்பு அங்கீகரிச்ச ஏஜென்சிகிட்ட இருந்து இணக்கச் சான்று வரணும். இல்லைன்னா மொம்பாசாவுல அபராதம், தாமதம், துறைமுக வாடகை. உங்க பெட்டிக்குள்ள சிம் வேற இருக்கு. அதனால இங்க தகவல் தொடர்பு ஆணையத்தோட வகை அங்கீகாரம் தனியா வாங்கணும். இதை யார் பேர்ல எடுக்கறாங்கன்னு பாருங்க. ஏஜென்ட் பேர்ல எடுத்துட்டா, நாளைக்கு அவரை மாத்தும்போது முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

மூணாவது, மழை. மார்ச் முதல் மே வரைக்கும் நீண்ட மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் குறுமழை. தண்ணி இறைக்கற சாமான் ஜனவரி, பிப்ரவரியில போகும், அப்புறம் ஜூன்ல இருந்து போகும். உங்க சரக்கு ஏப்ரல்ல வந்து இறங்குச்சுன்னா கடைக்காரர் 90 நாள் கெடுவுல ஒண்ணுகூட விக்க மாட்டார். அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது.

நாலாவதுதான் எல்லாத்துக்கும் மேல. இங்க மெக்கானிக்குக்கு 'ஃபுண்டி'ன்னு பேரு. மோட்டார் ஃபுண்டி, மேசன் ஃபுண்டி, எல்லாரும் ஃபுண்டிதான். சாலையோரத்துல வெயில்ல உக்காந்து வேலை செய்யறவங்க. அந்தத் தொழில் முழுசுக்குமே 'ஜுவா காலி', கடும் வெயில்னுதான் பேரு. பம்ப் வாங்க வர்றவன் கடைக்காரனை நம்ப மாட்டான். ஃபுண்டியைக் கூட்டிட்டு வருவான். ஃபுண்டி பெட்டியைத் திருப்பிப் பார்த்து "இது வேண்டாம்"னு சொன்னா முடிஞ்சுது.

நீங்க ஒரு தடவை வந்துட்டுப் போங்க. 500 பீஸ் அனுப்பறதுக்கு முன்னாடி, ஒரு ஆள் டிக்கெட். என் வீட்ல தங்கிக்கலாம், உண்மையாவே சொல்றேன்.

—

மதுரை_செல்கடை:

ஷாம்பாவாசி அண்ணே சொன்னதைக் கேட்டதும் எனக்கு எங்க கடை ஞாபகம் வந்துது. தூரத்துல இருந்து வந்த ஒரு இளம் கம்பெனியை எங்க ஊர் பக்கத்துல இருந்து பார்த்தவன்கற முறையில சொல்றேன்.

சியோமி 2010ல ஆரம்பிச்ச கம்பெனி. 2014 ஜூலையில இந்தியாவுக்குள்ள வந்தாங்க. கடையே கிடையாது. ஃப்ளிப்கார்ட்ல மட்டும், அதுவும் வாரம் ஒரு நாள், சில நொடியில தீர்ந்துடும். எங்களை மாதிரி கடைக்காரங்களுக்கு ஒரு பீஸ்கூட இல்லை. பசங்க கடைக்கு வந்து "ரெட்மி இருக்கா"ன்னு கேட்டுட்டு, இல்லைன்னதும் திரும்பிப் பார்க்காமப் போவாங்க. அந்த ரெண்டு வருஷம் ரொம்ப வலிச்சது.

ஆனா மேல போகப் போக ஒரு இடத்துல நின்னுட்டாங்க. நேர்ல தொட்டுப் பார்க்காம, தெரிஞ்ச கடைக்காரன் சொல்லாம போன் வாங்காத ஜனம்தான் இங்க அதிகம். 2017ல பெங்களூர்ல முதல் சொந்தக் கடை போட்டாங்க, எங்களை மாதிரி கடைங்களையும் பார்ட்னரா சேர்த்தாங்க. அந்த வருஷக் கடைசிக் காலாண்டுல சாம்சங்கை முந்திட்டாங்க. அதுக்கு முன்னாடியே 2015ல ஸ்ரீ சிட்டியில ஃபாக்ஸ்கான் ஆலையில போன் போட ஆரம்பிச்சிருந்தாங்க. தடாவைத் தாண்டினதும் வருதே, அந்த ஸ்ரீ சிட்டிதான்.

இதே சியோமி இதே 2015ல பிரேசிலுக்கும் போச்சு. அங்க ஓடலை, அடுத்த வருஷமே சுருட்டிக்கிட்டாங்க. 2019லதான் உள்ளூர் விநியோகஸ்தரோட கைகோத்துத் திரும்பினாங்க. ஒரே கம்பெனி, ஒரே போன், ஒரே வருஷம்.

—

ஆய்வுமேசை:

கைபேசி என்றதும் டிரான்ஷனைச் சொல்லாமல் இருக்க முடியாது. டெக்னோ, ஐடெல், இன்ஃபினிக்ஸ் மூன்றும் அவர்களுடையவைதான். ஐடெல் நம் கிராமங்களிலும் பார்த்திருப்பீர்கள். 2006ல் தொடங்கிய சீன நிறுவனம். 2008ல் ஆப்பிரிக்காவில்தான் முழுக் கவனம் என்று முடிவெடுத்தார்கள். அப்போது நோக்கியா அங்கே ராஜா. சொந்த நாட்டுச் சந்தையில் போட்டியிடவே இல்லை. மனத்தொலைவுக் கணக்குப்படி இதைவிடத் தப்பான முடிவு இருக்க முடியாது.

அங்கே போய் என்ன பார்த்தார்கள்? ஒரு ஆபரேட்டரில் இருந்து இன்னொன்றுக்குப் பேசினால் கட்டணம் அதிகம், அதனால் ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று சிம். உடனே இரட்டை சிம் போன், பிறகு நான்கு சிம் போன்கூட வந்தது. மின்சாரம் நம்ப முடியாது, அதனால் நாள்கணக்கில் நிற்கும் பேட்டரி. வழக்கமான கேமராவில் கறுப்பு முகம் இருட்டாக விழுகிறது, அதனால் கண்ணையும் பல்லையும் அடையாளமாக வைத்து வெளிச்சத்தைத் திருத்தும் கேமரா. எத்தியோப்பியாவில் அம்ஹாரிக் எழுத்து. 2011ல் அதே எத்தியோப்பியாவில் பூட்டும் ஆலை. எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது கார்ல்கேர். போன் விற்கத் தொடங்கிய கையோடு பழுது பார்ப்பதற்கென்றே தனி நிறுவனம் வைத்தார்கள். அப்போது ஆப்பிரிக்காவில் போன் கெட்டால் தூக்கித்தான் போட வேண்டும் என்ற நிலை. 2019ல் ஷாங்காய் பங்குச் சந்தைக்கு வந்தார்கள்.

—

தென்காசி_கோடு:

டிரான்ஷன் பின்னாடி பெரிய உற்பத்திப் பலம் இருந்தது. ஷென்ஜென்ல இருந்து எந்த உதிரியும் ஒரு வாரத்துல கிடைக்கும். 11 பேர் கம்பெனியால நாட்டுக்கு நாடு பொருளை மாத்திட்டு இருக்க முடியுமா? ஒரு நாட்டுல ஓடினதை அப்படியே எடுத்துட்டுப் போறதுதானே சின்னக் கம்பெனிக்கு நடைமுறை?

—

ஷாம்பாவாசி:

அப்படியே எடுத்துட்டுப் போனதுக்கு இங்கயே உதாரணம் இருக்கு தம்பி. எம்-பெசான்னு போன்லயே காசு அனுப்பற சேவை, 2007ல கென்யாவுல வந்தது. காய்கறிக்காரம்மாவுக்குக்கூட அதுலதான் காசு கொடுக்கறோம். அதையே 2010ல தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டு போனாங்க. ஒரே கண்டம், பின்னாடி வோடஃபோன் மாதிரி பெரிய கை. 2016ல மூடிட்டாங்க. தென்னாப்பிரிக்காவுல வங்கிக் கணக்கு பரவலா இருந்துது, கென்யாவுல சஃபாரிகாம் மாதிரி ஊரையே கையில வச்சிருந்த ஆபரேட்டரும் அங்க இல்லை. இந்தியாவுலயும் 2013ல வந்து 2019ல போயிடுச்சு.

மாத்தினவங்களும் சின்ன மாற்றம்தான் பண்ணினாங்க. ஊபர் கார்டுல மட்டும்தான்னு பிடிவாதமா இருந்த கம்பெனி. 2015 மே மாசம் ஹைதராபாத்ல ரொக்கம் வாங்கிப் பார்த்தாங்க, அப்புறம் நைரோபியிலயும் ரொக்கம் வந்துது. செயலி அதேதான்.

எம்-கோபாவைப் பாருங்க. 2011ல இங்க தொடங்கின சின்னக் கம்பெனி. எம்-பெசாவை உருவாக்கினதுல பங்கு இருந்த ஆளே அதோட நிறுவனர்கள்ல ஒருத்தர். சோலார் விளக்குப் பெட்டிக்குள்ள ஒரு சிம் வச்சாங்க. தினமும் கொஞ்சம் காசு எம்-பெசாவுல கட்டினா விளக்கு எரியும், கட்டலைன்னா பூட்டிக்கும். உங்க பெட்டிக்குள்ளயும் சிம் இருக்கு. மோட்டாரை நிறுத்தவும் ஓட்டவும் அதுக்குத் தெரியும். யோசிச்சுப் பாருங்க.

—

கணக்குப்பிள்ளை:

ஏற்றுமதிக் கடன் பிரிவில் இருந்தவன். காசைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

30 அட்வான்ஸ், 70 கடன் என்றால் 350 பீஸின் பணம் உங்கள் கையை விட்டுப் போகிறது. சின்னக் கடைக்காரரிடம் எல்சி கேட்டால் பெரும்பாலும் திறக்க மாட்டார், அவர் வங்கி அவரிடம் முழு மார்ஜின், அதாவது மொத்தத் தொகையையும் முன்கூட்டியே கட்டச் சொல்லிக் கேட்கும். அதனால் முதல் சரக்கைச் சின்னதாக்கி முழு முன்பணம் கேளுங்கள். 50 பீஸுக்கு முழுப்பணம் தர முடியாதவர் 500 பீஸை எப்படிச் சுமப்பார்? அதன் பிறகு கடன் கொடுப்பதாக இருந்தால் இசிஜிசியின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு பாலிசி எடுங்கள். 1957ல் இருந்து இருக்கிற அரசு நிறுவனம், கோவையிலேயே கிளை உண்டு. வாங்குபவர் ஏமாற்றினாலும், அவர் நாட்டில் டாலர் வெளியே போவது தடைபட்டாலும் இழப்பில் பெரும்பகுதி திரும்ப வரும். பாலிசிக்கு விண்ணப்பித்தால் அவர்களே அந்தக் கடையின் நிலவரத்தை விசாரிப்பார்கள். அந்த விசாரணைக்காகவே எடுக்கலாம்.

கரன்சியையும் பாருங்கள். நைஜீரியாவில் 2023 ஜூனில் நைராவை மிதக்க விட்டார்கள். 460 அளவில் இருந்த டாலர் அடுத்த வருடத் தொடக்கத்தில் 1,500ஐத் தொட்டது. நல்ல வியாபாரிகளே டாலரில் கட்ட முடியாமல் திணறினார்கள். கென்ய ஷில்லிங் 2024 தொடக்கத்தில் 160 வரை சரிந்து பிறகு 130க்குத் திரும்பியது. 90 நாள் கெடு கொடுக்கும்போது அந்த 90 நாளில் கரன்சி ஆடும் ஆட்டமும் உங்கள் தலையில்தான் விழும். யாழ்_கடை அண்ணை எழுதியதை இன்னொரு முறை படியுங்கள், அவர் நாணயமானவர், அப்படியும் காசு வரத் தாமதமானது.

—

நொய்யல்_தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இதை அப்படியே பார்ட்னர்கிட்டக் காட்டினேன். ரெண்டு பேரும் உக்காந்து ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் படிச்சோம். 'எந்தக் கஷ்டத்துக்குப் பொறந்தது'ங்கற கேள்வி எங்க ரெண்டு பேருக்குமே தோணவே இல்லை. நாங்க பக்கமா தூரமான்னு மட்டும்தான் அடிச்சுக்கிட்டு இருந்தோம்.

நகுருப் பெரியவரைக் கூப்பிட்டு, யாருக்கு விக்கப் போறீங்கன்னு கேட்டேன். "போர்வெல்காரங்களுக்கு"ன்னார். தோட்டம்னு அவர் சொல்லவே இல்லை, நாங்களா நினைச்சுக்கிட்டோம். தான்சானியாவுல கடை இல்லையாம், சொந்தக்காரர் இருக்காராம். டிக்கெட் போட்டுட்டேன். ஷாம்பாவாசி அண்ணா, உங்க வீட்டுக்குத்தான் வர்றேன்.

—

பீளமேட்டுக்காரர்:

நல்ல முடிவு தம்பி. போறப்ப நாலு விஷயம் மட்டும் மனசுல வச்சுக்குங்க. ஏஜென்சி கொடுத்தா நகுரு வட்டாரத்துக்கு மட்டும், ஒரு வருஷத்துக்கு, இத்தனை பீஸ் எடுக்கலைன்னா தானா ரத்துன்னு எழுதுங்க. அங்கீகாரச் சான்று உங்க பேர்ல இருக்கட்டும். டிரேட்மார்க்கை அங்க நீங்களே பதிவு பண்ணுங்க, ஏஜென்ட்டை விட்டுப் பண்ணச் சொல்லாதீங்க. உதிரி இல்லாம சரக்கு அனுப்பாதீங்க. நாங்க அந்த முதல் கன்டெய்னர்ல ஒரு கெபாசிட்டர்கூடத் தனியா வைக்கலை. அந்தக் கிடங்குல தூசி படிஞ்சதுக்கு அவர் மட்டும் காரணம் இல்லைன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. வித்த பத்துப் பதினஞ்சு பம்ப்ல ரெண்டு நின்னு போச்சு, சரி பண்ண சாமான் இல்லை. அந்தப் பேச்சு ஊருக்குள்ள பரவிடுச்சு.

—

நொய்யல்_தம்பி:

ஏழு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்குங்க. போயிட்டு வந்துட்டேன். நகுரு, நைவாஷா ரெண்டு ஊர்லயுமா 12 நாள்.

ஷாம்பாவாசி அண்ணா சொன்னது அப்படியே. ஆறு தோட்டம் பார்த்தேன், ஒண்ணுலதான் மூணு ஃபேஸ். ஆனா பெரியவர் சொன்ன போர்வெல் உண்மை. ஊர்ச் சங்கம், பள்ளிக்கூடம், சர்ச் நடத்தற போர்வெல், மேல ஒரு தொட்டி, ஜனங்க குடத்துக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்துப் பிடிக்கறாங்க. மூணு ஃபேஸ் சப்மெர்சிபிள்தான். ஒரு ஊர்ல தொட்டி நிறைஞ்சு வழியறதைப் பார்த்து ஒரு பையன் அரை கிலோமீட்டர் ஓடி வந்து ஸ்விட்ச்சை அணைச்சான். ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு கேட்டேன், அஞ்சாறுன்னான். நம்ம பெட்டிக்கு அங்க வேலை இருக்கு. வாங்கறவங்க விவசாயி இல்லை, போர் போட்டுக் கொடுக்கற கான்ட்ராக்டர்.

ஆனா ஒரு விஷயம் என்னை ரொம்பப் பாதிச்சுது. பெரியவர் கடைக்கு எதிர்ல மோட்டார் காயில் கட்டற ஒரு ஃபுண்டி இருக்கார், வயசு அறுபது இருக்கும். எங்க பெட்டியைக் கொடுத்தேன். மூடியைத் திறந்தார். உள்ள போர்டு முழுக்க நாங்க எபாக்ஸி பசை ஊத்தி இறுக்கி வச்சிருப்போம், யாரும் காப்பி அடிக்கக் கூடாதுன்னு. ஸ்க்ரூடிரைவர் பின்பக்கத்தால ரெண்டு தட்டுத் தட்டினார், கல்லு மாதிரி சத்தம். என்னைப் பார்த்தார். "இதுல ரிலே போச்சுன்னா நான் என்ன பண்ணணும்?"னு கேட்டார். கோவைக்கு அனுப்பணும்னு சொல்ல எனக்கு வாய் வரலை. பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துட்டு, "நான் திறக்க முடியாததை யாருக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன்"ன்னார். கோபமாச் சொல்லலை. டீ வாங்கிக் கொடுத்தார்.

பெரியவர்கிட்டப் பேசிட்டேன். 40 பீஸ், முழு முன்பணம், நகுரு மட்டும், ஒரு வருஷம். அவரும் ஒத்துக்கிட்டார். இசிஜிசிக்கு விண்ணப்பம் போட்டாச்சு. சான்று வேலை எங்க பேர்ல ஓடுது. ஜூன் ஆரம்பத்துல சரக்கு இறங்கற மாதிரி கணக்குப் போட்டிருக்கோம். எம்-கோபா மாதிரி காசு கட்டலைன்னா பூட்டற சாஃப்ட்வேர் பத்தி அப்புறம் யோசிக்கலாம்னு வச்சுட்டோம்.

இப்ப பார்ட்னர் போர்டை மறுபடி வரையறான். சிம், புரோசசர் இருக்கற பக்கத்துக்கு மட்டும் எபாக்ஸி. ரிலே, ஃபியூஸ், டெர்மினல் எல்லாம் வெளிய, சாக்கெட்ல சொருகற மாதிரி. ஒவ்வொரு பெட்டியோடயும் ரெண்டு ரிலே இலவசம். ஒரே ஒரு சந்தேகம் பீளமேட்டு ஐயா. அங்க வோல்டேஜ் ரொம்ப ஆடுது, நகுருல ஒரு சாயங்காலம் 170 வரைக்கும் இறங்கினதை நானே மீட்டர்ல பார்த்தேன். சாக்கெட் ரிலே அதுல படபடன்னு அடிச்சு கான்டாக்ட் கருகாம இருக்கணும். உங்க பேனல்ல எந்த மாதிரி போடறீங்க?

—

பீளமேட்டுக்காரர்:

170ல 220 வோல்ட் காயில் சரியா இழுக்கும்னு சொல்ல முடியாது தம்பி, அதுதான் படபடன்னு அடிக்கும். ரிலே காயிலை மெயின்ல இருந்து எடுக்காதீங்க. போர்டுல இருக்கற டிசி சப்ளையில 12 வோல்ட் ரிலேவா போடுங்க, அந்த சப்ளை 140 வரைக்கும் தாங்கற மாதிரி பார்த்துக்குங்க. கான்டாக்டர் காயிலும் அந்த வோல்டேஜ்ல தொங்கும், அதனால 180க்குக் கீழ போனா மோட்டாரை நிறுத்திட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு ஓட்டற மாதிரி வச்சிருங்க. நாளைக்குக் காலையில ஃபேக்டரிக்கு வாங்க, வோல்டேஜை ஏத்தி இறக்கற வேரியாக்ல வச்சு ஓட்டியே காட்டறேன். அந்த ஃபுண்டி தட்டிப் பார்த்த பெட்டியையும் கையோட கொண்டு வாங்க.